உப்பு போட்டாச்சு

ஜூன் 3, செவ்வாய்

உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டது. கடைக்காரர் வழக்கம்போல "வாங்க ரேடியோ, என்ன வேணும்?" என்றார். நான் வாயே திறக்க மாட்டேன், விரலால்தான் காட்டுவேன். அதனால் கிண்டலுக்கு அந்தப் பெயர். காட்டினேன். எடுத்துப் போட்டார். சிரித்துவிட்டு வந்தேன்.

அடுப்பின் இடது பக்க பர்னர் இன்றும் மூன்றாவது தீக்குச்சிக்குத்தான் பிடித்தது. கிழங்கு நன்றாக வெந்தது. சமையலறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். எனக்கு அந்தச் சுவர் பிடிக்கும். அது என்னிடம் எதுவும் கேட்காது.

ஜூன் 5, வியாழன்

மூன்றாம் மாடி டீச்சர் படியில் பிடித்துக்கொண்டார். பள்ளியை நடுவில் விட்டவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போகிறாராம். நூலகத்தின் மேல் அறையில், செவ்வாய், வியாழன், சனி.

"பத்தாவது எழுதிடலாம்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள பேர் குடுத்துடு. விட்டா அடுத்த வருஷம்தான்."

"ராத்திரி சமைக்கணும், டீச்சர்" என்றேன். யோசிக்கவே இல்லை, அதுவாக வந்தது.

உண்மைதானே. அம்மா மதியம் தையல் தொழிற்சாலைக்குப் போனால் திரும்ப ஒன்பது ஆகும். அப்பா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று லாரிக்கே தெரியாது. தங்கையும் தம்பியும் பள்ளியிலிருந்து வரும்போதே பசி என்றுதான் வருவார்கள். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் செய்தபோது நான் பள்ளியை விட்டேன். அன்று பிடித்த கரண்டி. அம்மா எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. திரும்பப் பள்ளிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நான் வைத்துக்கொள்ளவில்லை. "பெரியவ இல்லன்னா இந்த வீடு பட்டினிதான்" என்று அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

பொய் இல்லையே அது.

ஜூன் 6, வெள்ளி

டீச்சர் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். அம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"வாரத்துல மூணு நாள். சின்னதுங்க ரெண்டும் சமைக்கட்டும். கை இல்லையா அதுங்களுக்கு?"

தங்கை உடனே எழுந்து நின்றாள். பன்னிரண்டு வயது, அப்பா வைத்த பெயர் வக்கீல். "வெங்காயம் உரிக்க மட்டும் கூப்பிட்டா நான் வரமாட்டேன். அடுப்பும் வேணும், கத்தியும் வேணும். ரெண்டும் குடுத்தா வரேன்."

தம்பிக்கு எட்டு வயது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அவனுக்கு அப்பா வைத்த பெயர் உருண்டை. அவன், "நான் ருசி பாக்கிற வேலை" என்றான்.

"அடுப்புக்கிட்ட இவன் வரக்கூடாது, அவ மட்டும்தான். எதிர் வீட்டு அத்தைகிட்ட சொல்லி வெக்கிறேன், கதவைத் திறந்தே வெச்சிருப்பாங்க" என்று அம்மா முடித்துவிட்டாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூன் 8, ஞாயிறு

முதல் பாடம்.

வக்கீல் வெங்காயம் நறுக்கினாள். ஒரு துண்டு நகம் அளவு, ஒரு துண்டு காது அளவு. கத்தியை வாங்கி நானே மறுபடி நறுக்கினேன். உருண்டை அரிசி கழுவினான். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிற வரை விடமாட்டேன் என்று கழுவிக் கழுவி ஊற்றினான். அரிசியில் கால்வாசி தொட்டிக்குள் போய்விட்டது. பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டேன்.

சாப்பாடு நன்றாக வந்தது.

"என்ன கத்துக்கிட்டீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஓரமா நிக்க" என்றாள் வக்கீல்.

ஜூன் 10, செவ்வாய்

அவர்கள் கிழங்குத் தோல் உரித்தார்கள். நான் அதையே மறுபடி உரித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

அம்மாவுக்கு விடுமுறை. சாப்பிட்டதும் இரண்டும் ஒரு விளையாட்டு ஆரம்பித்தன. வீட்டு ஆட்களில் ஒருவர் மாதிரி நடிக்க வேண்டும், மற்றவர்கள் யாரென்று சொல்ல வேண்டும். வக்கீல் இடுப்பில் கை வைத்து அறை அறையாகப் போய் விளக்கை அணைத்தாள். அம்மா. அடுத்து, போனைக் காதில் வைத்தபடியே வாயைத் திறந்து தூங்கினாள். அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் உருண்டை எழுந்தான். சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். வலது கையால் எதையோ கிண்டினான். இடது முழங்கையைப் பின்னால் நீட்டி, "தள்ளு. சுடும். தள்ளு" என்றான்.

"அக்கா" என்றாள் வக்கீல் உடனே. அம்மாவும்தான்.

"டேய், இது ரொம்ப ஈஸி. அக்காவுக்கு வசனமே ரெண்டுதான்" என்றாள் வக்கீல்.

அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நான் சிரித்தேன். பாத்திரம் கழுவப் போனேன்.

அவன் அச்சு அசலாகச் செய்தான். தோளைக் கொஞ்சம் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்து. அவன் நடித்தது என் முகத்தை இல்லை, முதுகை. இத்தனை நாளும் அவர்களுக்கு நான் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தேனா? பசிக்கு நேரத்துக்குத் தட்டு வைத்திருக்கிறேன், ஒருநாள்கூடத் தவறியதில்லை. அது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விளையாட்டில் வருவது அது இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பலகையையும் கத்தியையும் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். இப்படி உட்கார்ந்தால் முதுகைக் காட்ட முடியாது.

காது அளவு வெங்காயத்தை அப்படியே விட்டேன். விடுவது கஷ்டமாகத்தான் இருந்தது. கையை உட்கார்ந்த இடத்திலேயே தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

வதக்கும்போது வக்கீல் கேட்டாள், "எப்போ போதும்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"தெரியும்னா?"

"வாசனை மாறும்."

"எப்படி மாறும்?"

எப்படி மாறும்? இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதல்ல மூக்கைக் குத்தும். அப்புறம் குத்துறது நின்னுடும். அதுக்கப்புறம் நமக்குப் பசிக்க ஆரம்பிக்கும். அப்போ இறக்கிடு" என்றேன்.

"எனக்கு முதல்லேர்ந்தே பசிக்குது" என்றது உருண்டை, சமையலறை வாசலில் நின்றபடி.

வக்கீல் கரண்டியோடு மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தாள். திடீரென்று, "இப்போ" என்றாள். சரியாக இருந்தது. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று அதட்டினாள்.

ராத்திரி தொண்டை வலித்தது. இவ்வளவு பேசி நாளாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

உருண்டை முட்டை உடைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் உடைப்பேன் என்று பிடிவாதம். ஒன்று கிண்ணத்தில், ஒன்று என் பாவாடையில், ஒன்று தரையில். தரையில் விழுந்ததிடம் "ஸாரி" என்று சொன்னான். என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று நான் எதையும் தொடவில்லை. சோறு, முட்டை, கேரட் பொரியல். கேரட் கொஞ்சம் கருகியிருந்தது. அம்மா ஓரத்தில் இருந்ததைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, "டீச்சர்கிட்ட சொல்லிடலாம்ல?" என்றாள்.

"பாக்கலாம்மா" என்றேன்.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். சந்தோஷமாக இல்லை. ஏன்?

இங்கேயாவது எழுதுகிறேன். ஒன்பதாவதில் ஒருநாள் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரி வாசித்தேன். இரண்டாவது வரியில் குரல் நின்றுவிட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. மின்விசிறி சத்தம் மட்டும். யாரும் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் பையை எடுக்கும்போது அந்த மின்விசிறிதான் ஞாபகத்தில் வரும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் நாளை முதல் போக வேண்டாம் என்று உள்ளே ஒரு மூலையில் ஏதோ லேசானதும் நிஜம்.

"சமையல் இருக்கு" என்றால் எல்லாரும் நம்புகிறார்கள். நல்ல பெண் என்கிறார்கள். சமையலை அவர்கள் செய்துவிட்டால் நான் என்ன சொல்வேன்?

ஜூன் 22, ஞாயிறு

அம்மா முடிவு பண்ணிவிட்டாள். செவ்வாய்க்கிழமை இரண்டும் தனியாகச் சமைக்க வேண்டும். நான் கூடத்திலேயே இருக்க வேண்டும். எழுந்திருக்கவே கூடாது. வகுப்புக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

"அக்கா வகுப்புல இருக்கா. யாரும் பேசாதீங்க" என்று உருண்டை இப்போதே ஆரம்பித்துவிட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

சோறு. பருப்பும் கிழங்கும் சேர்த்து ஒன்று.

நான் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வக்கீல் சொல்லச் சொல்ல உருண்டை வாசலோர அலமாரியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தான். "மஞ்சள் டப்பா. அது இல்லடா, மூடி உடைஞ்சது." "ஏன் மூடி உடைஞ்சதுலயே எல்லாத்தையும் வெக்கிறீங்க?" சண்டை போட்டுக்கொண்டே சமைத்தார்கள். வாசனை சரியான நேரத்தில் மாறியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டும் எதிர் வீட்டு அத்தையிடம் பெருமை பேச வெளியே ஓடின. "நாங்களே பண்ணினோம்" என்று உருண்டை கத்தியது இங்கே வரை கேட்டது.

நான் எழுந்தேன்.

மூடியைத் திறந்தேன். கலர் நன்றாக இருந்தது. உப்பு மறந்திருப்பார்கள் என்று தோன்றியது. டப்பாவை எடுத்தேன், போட்டேன், கிளறினேன், மூடினேன், வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ருசி பார்க்கவில்லை.

அம்மா வந்ததும் நால்வரும் உட்கார்ந்தோம். முதல் வாய். அம்மா தண்ணீர் எடுத்தாள். வக்கீல் விழுங்க முடியாமல் விழுங்கினாள். "நான் அளவாத்தானே போட்டேன்" என்றாள். உருண்டை என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். "நான்தான் டப்பாவை எடுத்துக் குடுத்தேன்" என்றான். உதடு பிதுங்கியது. அழுதுவிட்டான்.

"விடுடா கண்ணு. முதல் தடவை. வெந்நீர் ஊத்தினா சரியாயிடும்" என்றாள் அம்மா.

சரியாகவில்லை. ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டு முடித்தோம்.

வக்கீல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நீ போகாத. எங்களால முடியாது" என்றாள். எதற்கும் வாதாடுகிறவள். இதற்கு ஒரு வார்த்தை வாதாடவில்லை.

நான் தட்டுகளை எடுத்தேன்.

இந்த அடுப்புக்கு வந்த நாளிலிருந்து ருசி பார்க்காமல் ஒருநாள்கூட உப்பு போட்டதில்லை. இன்னைக்கு மட்டும் ஏன் பாக்கல? மறந்துட்டேனா? மறக்கிற விஷயமா அது? நான் தெரிஞ்சேதான் போட்டேனா? இல்ல — அப்படி இல்ல. உப்பு இல்லன்னு நெனச்சேன். நெனச்சேனா?

ஜூன் 25, புதன்

நான் சமைத்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஜூன் 26, வியாழன்

உருண்டை சமையலறைப் பக்கமே வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாசலில் நின்று கேட்கிறான்.

அம்மா டீச்சர் பேச்சை எடுக்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்த உருண்டை குழாயடியில் நின்று கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான். போதும்டா என்றேன். ஈரக் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, என் கையில உப்பு அதிகமா? என் ஃப்ரெண்ட் சொல்றான், சில பேர் கை அப்படித்தானாம். தொட்டாலே உப்பாயிடுமாம்."

அந்தக் கை விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது.

வக்கீலையும் கூப்பிட்டேன். "அன்னைக்கு நான்தான் போட்டேன்" என்றேன்.

"என்னத்தை?"

"உப்பு. நீங்க போட்டதுக்கு மேல."

வக்கீல் பையைக் கீழே வைத்தாள். விசாரணை.

"எப்போ?"

"நீங்க அத்தை வீட்டு வாசல்ல நின்னப்போ."

"ருசி பாத்தியா?"

"இல்ல."

"நீதான் ருசி பாக்காம போடாதன்னு எங்க உயிரை எடுப்ப. அப்புறம் ஏன் பாக்கல?"

எத்தனையோ பதில் வந்தது. எல்லாம் பொய். கடைசியில், "எனக்கு வகுப்புக்குப் போக பயமா இருக்கு" என்றேன். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். திரும்பிக்கொள்ள அங்கே சுவரும் இல்லை.

உருண்டைதான் யோசித்து யோசித்துக் கேட்டான்.

"அதுக்கு பருப்பு என்ன பண்ணுச்சு?"

முதலில் வக்கீல் சிரித்தாள். அப்புறம் நான். அப்புறம் நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பு மட்டும்தானா என்று தெரியாது. உருண்டைக்குக் கோபம். "என்னை அழவிட்டுட்டு சிரிக்கிறீங்களா?" என்று இரண்டு பேரையும் அந்த ஈரக் கையாலேயே அடித்தான். அடி வாங்கிக்கொண்டேன்.

வக்கீல் தீர்ப்பு சொன்னாள். இந்த வீட்டில் இனிமேல் யார் உப்பு போட்டாலும் உடனே கத்திச் சொல்ல வேண்டும். கூடத்துக்குக் கேட்க வேண்டும். சொல்லாமல் போட்டால் அன்றைக்குப் பாத்திரம் முழுக்க அவர்தான் கழுவ வேண்டும். "உனக்கும்தான். முதல்ல உனக்குத்தான்."

இன்றே அமலுக்கு வந்தது. சூப் வைத்தோம். ருசி பார்த்தேன், உப்பு போட்டேன், "உப்பு போட்டாச்சு" என்றேன்.

"கேக்கல" என்றாள் வக்கீல், பக்கத்தில் நின்றுகொண்டே.

"உப்பு போட்டாச்சு."

"உனக்கே கேட்டிருக்காது."

"உப்பு போட்டாச்சு" என்று கத்தினேன். அது என் குரல் மாதிரியே இல்லை, யாரோ பெரிய பெண்ணின் குரல். எதிர் வீட்டிலிருந்து அத்தை, "சரிம்மா, போட்டதோட நிறுத்திக்கோ" என்று பதில் கொடுத்தார்.

ஜூன் 28, சனி

அம்மாவிடமும் சொன்னேன். உப்பையும் சொன்னேன், ஒன்பதாம் வகுப்பையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து பள்ளிக்கூட வாசல்ல உக்காந்திருப்பேனே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. வந்ததும் தட்டு இருக்கும். நானும் ஏன்னு கேக்கல" என்றாள்.

மடித்த சட்டையையே திரும்பப் பிரித்து மடித்தாள்.

ஜூன் 30, திங்கள்

காலையில் மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டு இரண்டு படி இறங்கிவிட்டேன். டீச்சர் திறந்துவிட்டார்.

"பேர் குடுக்க வந்தேன்."

"உள்ள வாம்மா. சமையலுக்கு என்ன பண்ணப் போற?"

"ஆள் இருக்காங்க" என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

வகுப்பில் என்னைவிடப் பெரியவர்கள்தான் அதிகம். எனக்குப் பக்கத்தில் முடிவெட்டும் அண்ணன் ஒருவர். சட்டைக் காலரில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார் டீச்சர். என் முறை வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, அடுத்த தடவை" என்று அண்ணனிடம் போய்விட்டார். அவரும் திக்கித் திக்கித்தான் வாசித்தார். காது சிவந்துவிட்டது. ஆனால் முடித்தார்.

நாளை யாராவது கேட்டால் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாசிக்கவில்லை.

வீட்டில் சோறு குழைந்திருந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

தலைவலி என்று சொல்லிவிடலாமா என்று மூன்று மணியிலிருந்து யோசித்தேன். "கிளம்பு, எங்களுக்கு வேலை இருக்கு" என்று வக்கீல் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். போனேன். இன்றும் வாசிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நான்கு வரி. மூன்றாவது வரியில் குரல் நின்றது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. அந்த அண்ணன் தன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே. திரும்ப வந்தது. சின்னக் குரல்தான். நான்காவது வரியையும் வாசித்தேன்.

ஜூலை 12, சனி

கணக்குப் பாடம் ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னேன். டீச்சர் மறுபடி சொல்லிக்கொடுத்தார். பாதி புரிந்தது.

ஜூலை 17, வியாழன்

வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தேன். தெரு விளக்கெல்லாம் எரிந்துவிட்டது. பையில் கிடந்த அம்மாவின் பழைய போன் அடித்தது. அப்பா. எங்கோ சாப்பாட்டுக் கடை வாசலில் லாரியை நிறுத்தியிருக்கிறார், பின்னால் ஒரே ஹாரன் சத்தம். அவர் எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"என்னம்மா, வீட்டுல இன்னைக்கு என்ன சாப்பாடு?"

வாயைத் திறந்தேன்.

"தெரியலப்பா" என்றேன். "வீட்டுக்குப் போய்த்தான் பாக்கணும்."